மூன்று குட்டி டயலா, ஒற்றை டயலா? வாட்ச் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: க்ரோனோகிராஃப் (குட்டி டயல்களோடு ஸ்டாப்வாட்சும் உள்ள வாட்ச்) வாங்கலாமா, டிரஸ் வாட்ச் (கோட், பட்டுச் சட்டைக்கு ஏற்ற எளிய, மெல்லிய வாட்ச்) வாங்கலாமா? மணிக்கட்டு அளவை எழுதியவர்கள் மிகக் குறைவு. அடுத்த முறை அளவு இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது.

கே: எனக்குச் சின்னக் கை. 44 மி.மீ. க்ரோனோகிராஃப் கட்டலாமா?

சின்னக் கை என்றால் எத்தனை அங்குலம்? ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆறரை என்று வைத்துக்கொள்கிறேன். 44 வேண்டாம், 40-க்குள் பாருங்கள். கேஸ் விட்டத்தைவிட மேல் லக்கிலிருந்து (ஸ்ட்ராப் மாட்டும் கொம்பு) கீழ் லக் வரையுள்ள நீளம்தான் முக்கியம்; அது 48 மி.மீ.-ஐத் தாண்டினால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். டிரஸ் வாட்சுக்கு 36, 37 தாராளம். 1932-இல் வந்த பட்டேக் ஃபிலிப் கலட்ராவா வெறும் 31 மி.மீ.

கே: புது குவார்ட்ஸ் (செல்லில் ஓடும்) க்ரோனோகிராஃப். பெரிய வினாடி முள் ஓடவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மேல் பட்டனை அழுத்துங்கள், ஓடும். அது ஸ்டாப்வாட்ச் முள். சாதாரண வினாடி குட்டி டயலில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கிறது, தயவுசெய்து பிரித்துப் படியுங்கள்.

கே: முழுக்கைச் சட்டை, கோட் போடும் வேலை. ஆட்டோமேட்டிக் (செல் இல்லாமல் கை அசைவில் சாவி ஏறும்) க்ரோனோகிராஃப் சரிவருமா?

கஃபுக்குள் போகாது. இந்த ரகத்தில் பலவற்றுக்குள் இருக்கும் வால்ஜூ 7750 இயந்திரம் மட்டுமே 8 மி.மீ. தடிமன், கேஸோடு சேர்த்தால் 14, 15 ஆகிவிடும். சர்வீஸ் செலவும் சாதாரண மூன்று முள் வாட்சைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லியதாக வேண்டுமென்றால் நம் ஓசூர் டைட்டன் எட்ஜைப் பாருங்கள்: மொத்தத் தடிமனே மூன்றரை மி.மீ. ஆட்டோமேட்டிக்தான் வாங்குவேன் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரவு 9 முதல் 3 மணி வரை தேதியை மாற்றாதீர்கள்.

கே: மாப்பிள்ளைக்குப் போட வாட்ச் வாங்கினோம். மூன்று குட்டி டயல், இரண்டு பட்டன், க்ரோனோகிராஃப் என்றார் கடைக்காரர். ஸ்டாப்வாட்ச் மட்டும் வேலை செய்யவில்லை.

வேலை செய்யாது. அதில் ஸ்டாப்வாட்சே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு குட்டி டயலில் கிழமை, இன்னொன்றில் 31 வரை தேதி, மூன்றாவதில் 24 மணி நேரம். இதற்கு மல்டிஃபங்ஷன் என்று பெயர். அந்தப் பட்டன்கள் கிழமையையும் தேதியையும் மாற்றத்தான். அந்த வாட்ச்மேல் எனக்குக் கோபமில்லை, அதை க்ரோனோகிராஃப் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எரிச்சல். இன்னும் மோசமான ரகமும் உண்டு: குட்டி டயல்கள் வெறும் அச்சு, முள்ளை ஒட்டி வைத்திருப்பார்கள், பட்டன் அமுங்கவே அமுங்காது. அதற்கு மேல் பெசலில் (டயலைச் சுற்றிய வளையம்) டாக்கிமீட்டர் என்ற வேக அளவுகோல் வேறு! ஒரு கிலோமீட்டரை 30 வினாடியில் கடந்தால் முள் 120-இல் நிற்கும், மணிக்கு 120 கி.மீ. வேகம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஓடவிட்டு நிறுத்த ஒரு முள் வேண்டுமே? அது இல்லாத டாக்கிமீட்டர், நின்றுபோன வண்டியில் ஒட்டிய ரேஸ் ஸ்டிக்கர்தான். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் மேல் பட்டனை அழுத்துங்கள். நடு முள் கிளம்ப வேண்டும். மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும். நின்றபின் கீழ் பட்டன் அதை 12-க்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குட்டி டயல் ஒன்றில் 30 அல்லது 60 நிமிடக் கணக்கு இருக்க வேண்டும். இதைச் சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். அப்புறம், மாப்பிள்ளைக்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு? அதே பணத்தில் அருமையான டிரஸ் வாட்ச் கிடைத்திருக்கும்.

கே: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் நிலவுக்கே போய் வந்தது. நீச்சலுக்குக் கட்டலாம்தானே?

நிலவில் நீச்சல் குளம் இல்லை. அதன் நீர்த்தடுப்பு அளவு 50 மீட்டர். நான் நீச்சலுக்குச் சம்மதிக்க 100 வேண்டும். எந்த க்ரோனோகிராஃபாக இருந்தாலும் தண்ணீருக்குள் பட்டனைத் தொடாதீர்கள்.

கே: டிரஸ் வாட்சின் லெதர் ஸ்ட்ராப் மூன்றே மாதத்தில் நாறுகிறது.

சென்னை வெயிலுக்கு அப்படித்தான். இரண்டு ஸ்ட்ராப் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுங்கள், கழற்றியதும் காற்றாட விடுங்கள். கோடையில் செயின்.

கே: செல் சீக்கிரம் தீர்கிறது. குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப்தான்.

ஸ்டாப்வாட்சை நாள் முழுக்க ஓடவிடுகிறீர்கள். நிறுத்துங்கள். செல் மாற்றும்போது வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் பட்டன் விஷயம் உங்களுக்கும்தான்.

கே: மகள் நர்ஸிங் படிக்கிறாள். நாடி பார்க்க க்ரோனோகிராஃப் தேவையா?

தேவையில்லை. தெளிவான வினாடி முள் இருந்தால் போதும். டிரஸ் வாட்ச் பலவற்றில் வினாடி முள்ளே இருக்காது, பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன்னால் கல்லூரியில் கேளுங்கள். கைக்கடிகாரமே கட்டக்கூடாது என்கிற வார்டுகள் உண்டு. அப்படியானால் சட்டையில் குத்திக்கொள்ளும் ஃபாப் வாட்ச் வாங்கிக் கொடுங்கள்.