ஒரு கிளாஸ் பீர் கொடுத்தால் ஆசை தீருமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் அவன் வகுப்பில் மூன்று பையன்களிடம் கூல் லிப் என்ற புகையிலைப் பாக்கெட் சிக்கியது. பள்ளியில் அவர்களுடைய பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகன் தூங்கியதும் பையைத் துழாவுகிறேன், செல்போனைப் பார்க்கிறேன். இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. என் கணவரோ, "மறைக்க மறைக்கத்தான் ஆசை வரும். நானே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கிளாஸ் பீர் கொடுத்துவிடுகிறேன், அத்தோடு ஆர்வம் தீர்ந்துவிடும்" என்கிறார். யார் செய்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவர் செய்வதும் சரியில்லை. அவர் யோசனை ஆபத்தானது. நீங்கள் செய்வது வீண்.

முதலில் அவருக்கு. 'வீட்டிலேயே பழக்கிவிடலாம்' என்பது இப்போது படித்தவர்கள் மத்தியில் நாகரிகமான பேச்சாகிவிட்டது. கொஞ்சம் உள்ளே போனால் காப்பாற்றுவதற்குப் பீர் என்ன தடுப்பூசியா? ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு ஆர்வம் தீரவில்லை. வெளியிலும் வாங்கிக் குடிப்பது, மிதமிஞ்சிக் குடிப்பது இரண்டும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு டாஸ்மாக்கில் மது விற்கக்கூடாது. 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில், மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். கொடுப்பவர் அப்பா என்றால் பரவாயில்லை என்று அந்தப் பிரிவில் எழுதியிருக்கவில்லை.

இனி உங்களுக்கு. ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பையைத் துழாவி நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடங்கிவிடும் பொட்டலம் அது, புகையும் கிடையாது. அதை ஒளித்துவைக்கப் பதினைந்து வயதுப் பையனுக்கு நூறு இடம் தெரியும். நீங்கள் துழாவுவது அவனுக்குத் தெரிந்துவிட்டால் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சொல்லிவிட்டு, பகலில், அவன் முன்னால் பாருங்கள். வீட்டிலிருக்கும் வலி மாத்திரை, இருமல் மருந்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் இவற்றின் மேலும் ஒரு கண் இருக்கட்டும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளிவந்த நாடளாவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட ஒரே போதை, சொல்யூஷன், ஒயிட்னர் போன்றவற்றை முகர்ந்து ஏற்றிக்கொள்வதுதான். கஞ்சாவை நினைத்து நடுங்கும் நாம் மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்ததும் மாமா, சித்தப்பாமார் மொட்டை மாடிக்கு ஏறுகிறார்களா? சோடாவும் மிக்சரும் மேலே எடுத்துப்போவது யார்? பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வருவது யார்? புகையிலைச் சட்டத்தின்படி 18 வயது ஆகாதவருக்கு அதை விற்பதே குற்றம். நாம்தான் "அப்பாவுக்கு" என்று சொல்லி வாங்கிவரச் சொல்கிறோம்.

சரி, என்னதான் செய்வது? ஐஸ்லாந்து செய்ததைப் பாருங்கள். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். பள்ளியில் படம் காட்டிப் பயமுறுத்தி இது நடக்கவில்லை. அதை அவர்கள் முன்பே செய்து பார்த்துச் சலித்திருந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரைக் கூட்டி, ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்: பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம், பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் விருந்துக்கு இடம் கொடுக்கமாட்டோம், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கவனித்துக்கொள்வோம். 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே சுற்றக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெற்றோர் முறைவைத்துத் தெருவில் நடந்து பார்த்தார்கள். பிள்ளைகள் விளையாடவும் பாட்டுக் கற்கவும் அரசு பணம் கொடுத்தது.

"அரசே கடை திறந்து விற்கும்போது நாங்கள் என்ன செய்ய?" என்று அடுத்த கடிதம் வரும், எனக்குத் தெரியும். ஐஸ்லாந்திலும் மதுக்கடை நடத்துவது அரசுதான். ஆனால் 20 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. டாஸ்மாக்கிலும் வயது பார்த்து விற்கவேண்டும் என்று கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். அதைச் சொல்லி வீட்டு வேலையிலிருந்து தப்பிக்காதீர்கள்.

இதில் நமக்கு ஒத்துவருவது அந்தப் பெற்றோர் ஒப்பந்தம். உங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது மணிக்குள் வரவேண்டும் என்றால், "குமார் வீட்டில் யாரும் கேட்பதில்லையே" என்பான். ஒரே வகுப்பில் இருபது வீட்டில் அதே ஒன்பது மணி என்றால் அவனால் அப்படிச் சொல்ல முடியாது. 'கம்பைன்ட் ஸ்டடி' என்று இரவு தங்குவதானால், அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு அனுப்புவதை எல்லோருமே செய்யட்டும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது. விற்கும் கடை தெரிந்தால் மதுவிலக்குப் போலீசின் 10581-க்குச் சொல்லுங்கள். அப்படியே தலைமையாசிரியரைப் பார்த்து, பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட பி.டி. பீரியடைத் திரும்பக் கேளுங்கள். விளையாட இடமில்லாத பையன் சாயங்காலம் எங்கே போய் நிற்பான்?

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் உறுத்தியது. சிக்கிய மூன்று பையன்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. "அவனுங்களோட சேராதே" என்று உங்கள் மகனிடம் சொல்லியிருப்பீர்கள். மற்ற வீடுகளிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் ஒதுக்கினால் அந்த மூன்று பேருக்கும் மிச்சமிருப்பது அந்தப் பொட்டலத்தை விற்றவனின் சிநேகம்தான். அந்த வீடுகளுக்கு யாராவது போனீர்களா? அடித்தால் நின்றுவிடாது, நிகோட்டின் பழகிய உடம்புக்கு வைத்தியம் வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் 14446. நாளை உங்கள் மகனே மாட்டினாலும் செய்ய வேண்டியது இதுதான்.

அந்த மூன்று பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கூட்டத்தைக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். வேலை இருக்கிறது என்று அப்பாக்கள் தப்பிக்க முடியாது. முதல் கையெழுத்தை உங்கள் கணவர் போடட்டும்.