வேக்போர்டிங் ஆரம்பிக்கும்போது எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: "சிங்கப்பூரில் கேபிள் பார்க்கில் (படகுக்குப் பதிலாக மேலே ஓடும் கம்பி, கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துப் போகும் இடம்) வாடகைப் போர்டில் வேக்போர்டிங் ஓட்டிப் பழகுகிறேன். இப்போது விழாமல் ஒரு சுற்று வர முடிகிறது. எடை 78 கிலோ, ஷூ சைஸ் 9. ஒரு கடையில் 142 செ.மீ. போர்டும் பைண்டிங்கும் (காலைப் போர்டோடு மாட்டும் ஷூ போன்றது) சேர்த்துத் தள்ளுபடி விலையில் இருக்கிறது. த்ரீ ஸ்டேஜ் ராக்கர், அடியில் நான்கு ஃபின் போர்டோடு சேர்ந்தே வார்த்தது என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? சைஸ் 11 போடும் என் தம்பியும் இதையே பயன்படுத்தலாமா? வேறு என்னென்ன வேண்டும்? இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது."

பதில்:

142 என்ற நீளம் உங்கள் எடைக்குச் சரிதான். ஆனால் அந்தப் போர்டு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், அது படகுக்குப் பின்னால் ஓட்டுவதற்கென்று செய்த போர்டு. நீங்கள் ஓட்டுவதோ கேபிளில்.

நான் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கேபிளில் கற்றுக்கொண்டு, அப்புறம் பொங்கோல் பக்கம் நண்பர்களோடு படகு வாடகையைப் பங்குபோட்டு ஓட்டப் போனவன். இரண்டுக்கும் போர்டு ஏன் வேறாக இருக்கிறது என்பது கயிறு எங்கிருந்து இழுக்கிறது என்று பார்த்தாலே புரிந்துவிடும். படகில் கயிறு டவரில், அதாவது படகின் மேல் உயர்ந்து நிற்கும் சட்டத்தில் கட்டியிருக்கும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதனால் இழுப்பு கிட்டத்தட்ட நேராக முன்னால் போகும். கேபிளில், அதாவது 1960களில் ஜெர்மனிக்காரர் புரூனோ ரிக்ஸன் வாட்டர் ஸ்கீக்காக உருவாக்கிய அந்த முறையில், கம்பி எட்டுப் பத்து மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அங்கே இழுப்பு முன்னாலும் மேலேயும் சேர்ந்து வரும்.

படகுக்குப் பின்னால் அலை இருக்கிறது. அதன் மேல் ஏறித்தான் எகிற வேண்டும். அதற்கு போர்டின் ஓரம் தண்ணீரை நன்றாகக் கடித்துப் பிடிக்க வேண்டும், அதனால்தான் அடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின். த்ரீ ஸ்டேஜ் ராக்கர் என்றால் போர்டின் நடுப்பகுதி தட்டையாகவும், இரண்டு முனையும் திடீரென்று மேலே வளைந்தும் இருக்கும். அலையின் உச்சியில் அது ஆளைச் செங்குத்தாகத் தூக்கிவிடும். ஆனால் சமதளத் தண்ணீரில் அதே வளைவு தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டு போகும், வேகம் குறையும். கேபிளில் அலையே கிடையாது. அங்கே கம்பியின் மேல்நோக்கிய இழுப்போடு, போர்டை வளைத்து அது திரும்பி நிமிரும் விசையையும் சேர்த்துத்தான் எழும்ப வேண்டும். ஆகவே கேபிள் போர்டுகள் வளைந்து கொடுக்கும். படகுப் போர்டுகள் விறைப்பாக இருக்கும். இன்னொன்று, கேபிள் பார்க்கில் கிக்கர், ரெயில், பைப் என்று தண்ணீரில் தடைகள் மிதக்கும். அவற்றின் மேல் உரசிக்கொண்டு போவதற்குக் கடினமான அடிப்பரப்பு வேண்டும். கிரைண்ட் பேஸ் என்று போட்டிருப்பார்கள். உங்கள் கடைப் போர்டில் ஃபின் கழற்ற முடியாதபடி இருக்கிறது. பல கேபிள் பார்க்குகளில் அப்படிப்பட்ட போர்டோடு தடைகள் மேல் ஏற விடமாட்டார்கள். இன்று நீங்கள் ரெயில் பக்கமே போகாமல் இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாளில் போவீர்கள், எல்லோரும் போகிறார்கள்.

அதனால் தேட வேண்டியது: கேபிளுக்கான போர்டு, கண்டின்யூவஸ் ராக்கர், நடுத்தர ஃப்ளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் தன்மை), கிரைண்ட் பேஸ், கழற்றக்கூடிய சின்ன ஃபின். கண்டின்யூவஸ் என்றால் முனையிலிருந்து முனைவரை ஒரே சீரான வளைவு. வேகமாகப் போகும், திரும்பும்போது என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஹைப்ரிட் ராக்கர் என்றும் விற்கிறார்கள். வளைவு ரொம்ப எடுப்பாக இல்லையென்றால் அதுவும் சரிதான். ஓரம் கொஞ்சம் உருண்டையாக இருப்பதைப் பாருங்கள். கூர்மையான ஓரம் தேர்ந்தவர்களுக்கு நல்ல பிடிப்பு தரும். புதியவர்களுக்கு எதிர்பாராத நேரத்தில் தண்ணீரில் மாட்டி முகம் குப்புற அடிக்கும்.

நீளத்தை உயரம் பார்த்து எடுப்பதில்லை, எடை பார்த்துத்தான். தோராயமாக 60 கிலோவுக்கு 134 செ.மீ., 70 கிலோவுக்கு 138, 80 கிலோவுக்கு 140 முதல் 142, 90 தாண்டினால் 144க்கு மேல். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், போர்டுக்கான அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். குறைந்த வேகத்திலும் சீக்கிரம் தண்ணீர்மேல் எழும், இறங்கும்போது முழங்காலுக்கு அடி குறைவு. தம்பியின் எடையை நீங்கள் சொல்லவில்லை. 70லிருந்து 85க்குள் இருந்தால் ஒரே போர்டு இரண்டு பேருக்கும் ஓடிவிடும்.

சரி, போர்டைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: போர்டை இப்போது வாங்காதீர்கள். கடைசியில் வாங்குங்கள். முதலில் வெஸ்ட், ஹெல்மெட். அதற்கடுத்து பைண்டிங். வாடகைப் போர்டு பழகுவதற்குப் போதும். அதுவே உங்களுக்கு எந்தப் போர்டு பிடிக்கும் என்று சொல்லிக்கொடுக்கும். ஆனால் வாடகை வெஸ்டும் ஹெல்மெட்டும் ஆயிரம் பேர் உடம்புக்கு இளகிக்கொடுத்தவை, ஈரம் காயாத வாடையோடு வரும். விழும்போது உங்களைக் காப்பாற்ற வேண்டியது அவைதான்.

வெஸ்டில் இரண்டு வகை. இம்பாக்ட் வெஸ்ட் மெல்லியது, உடம்போடு ஒட்டி இருக்கும், விலா எலும்பில் விழும் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் பெரும்பாலானவை மிதவைச் சாதனமாகச் சான்று பெற்றவை அல்ல. மற்றது மிதவைச் சான்று உள்ள வெஸ்ட். உள்பக்க லேபிளில் ஐஎஸ்ஓ 12402-5, 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று இருக்கும். நீங்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவரா என்று எழுதவில்லை. தெரியாது என்றாலோ, சுமாராகத்தான் என்றாலோ, யோசிக்காமல் சான்று உள்ளதை எடுங்கள். அந்த 50 நியூட்டன் வகையும் நீந்தத் தெரிந்தவர், பக்கத்தில் உதவி இருக்கிறது என்ற கணக்கில் செய்ததுதான். மயங்கிய ஆளை முகம் மேலே வரும்படி அது திருப்பாது. படகில் போகும்போது பல ஓட்டுநர்கள் இம்பாக்ட் வெஸ்டை ஏற்க மாட்டார்கள்.

கடையில் வெஸ்டைப் போட்டு எல்லா பக்கிளையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் பெரிய சைஸ். உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் பிடிப்பது போல இருக்க வேண்டும், நனைந்தால் இளகும். கைகளை முன்னே நீட்டி ஹேண்டில் பிடிப்பது போல நின்று, குந்தியும் பாருங்கள். அப்போது கழுத்தை முட்டினால் வேறு மாடல் பாருங்கள்.

ஹெல்மெட்டில் ஈஎன் 1385 என்ற எண்ணைத் தேடுங்கள். அது துடுப்புப் படகு, வேகநீர் விளையாட்டு ஹெல்மெட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம். வீட்டில் இருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அது ஒரே ஒரு பலமான அடிக்காகச் செய்தது, தண்ணீரில் ஊறிக்கொண்டே இருப்பதற்கல்ல. காது மூடி கழற்றி மாட்டும்படி இருப்பதை வாங்குங்கள். பக்கவாட்டில் விழும்போது தண்ணீர் காதில் அறைகிற அறையில் செவிப்பறை கிழிந்தவர்கள் உண்டு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே வர வேண்டும், அது பாட்டுக்கு ஆடக்கூடாது.

அடுத்து பைண்டிங். போர்டைவிட இதில்தான் காசு போட வேண்டும் என்பது என் கட்சி. சுமாரான போர்டில் நல்ல பைண்டிங் போட்டால் சந்தோஷமாக ஓட்டலாம், மாற்றிச் செய்தால் முடியாது. குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டிருந்தால் எந்தப் போர்டும் சொன்ன பேச்சு கேட்காது.

மூடிய வகை ஷூ மாதிரி, உங்கள் சைஸுக்கு மட்டும் பொருந்தும், பிடிப்பு அருமை. திறந்த வகையில் விரல் பக்கம் திறந்திருக்கும், ஒரே பைண்டிங் மூன்று நான்கு சைஸுக்கு வரும். உங்களுக்கு 9, தம்பிக்கு 11 என்றால் திறந்த வகைதான் வழி. 8 முதல் 12 வரை என்பது போல ஒரு வீச்சு போட்டிருப்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இறுக்கும் நாடா கீழே பாதத்துக்கும் மேலே கணுக்காலுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பிக்குச் சரியாக இருக்கும், உங்களுக்குத் தொளதொளவென்று இருக்கும். தொளதொள பைண்டிங் வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. விழும்போது ஒரு கால் கழன்று மற்றது போர்டிலேயே மாட்டிக்கொண்டால், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கழன்றால் இரண்டும் கழல வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நிற்க வேண்டும்.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாடாவைக் கடைசிக் கண்ணி வரை தளர்த்துங்கள். நாக்குப் பகுதியை முன்னால் நன்றாக மடக்குங்கள். மேடையில் உட்கார்ந்து காலை நனைத்து, உள்ளேயும் தண்ணீர் ஊற்றுங்கள். புது பைண்டிங் என்றால் தண்ணீர் கலந்த சோப்புத் திரவம் ஒரு பாட்டிலில் இருந்தால் நல்லது. பழகியவர்கள் பையில் கட்டாயம் இருக்கும். விரல்களை முன்னே தள்ளி, பின்னால் இருக்கும் பட்டையைப் பிடித்துக் குதிகாலை அழுத்தினால் ஒரு சின்ன வழுக்கலோடு உள்ளே இறங்கும். முதலில் கீழ் நாடா, அப்புறம் மேல் நாடா. எழுந்து நின்று முழங்காலை முன்னே மடக்குங்கள், குதிகால் எழும்பக்கூடாது. விரல்கள் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். கடையில் பைண்டிங்கைப் பத்து நிமிடமாவது காலில் வைத்திருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை.

எந்த போர்டில் மாட்டப் போகிறீர்களோ அதன் திருகு அளவையும் பாருங்கள். எம்6 (6 மி.மீ.) அளவும் கால் அங்குல அளவும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்; மாற்றி முறுக்கினால் போர்டுக்குள் இருக்கும் மரை நாசம்.

புதிதாக போர்டு, பைண்டிங் இரண்டையும் வாங்கினால் சாதாரணமாக 700, 800 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிவிடும். அதனால் போர்டை செகண்ட் ஹேண்டில் எடுப்பது புத்திசாலித்தனம். வெஸ்டையும் ஹெல்மெட்டையும் அப்படி வாங்காதீர்கள், அவை எத்தனை அடி வாங்கியிருக்கின்றன என்று வெளியே தெரியாது. பழைய பொருள் வாங்கி விற்கும் கேரோசல் தளத்தில் வேக்போர்டு என்று தேடினால் கைட்போர்டு, வேக்ஸ்கேட், வேக்சர்ஃப் எல்லாம் கலந்து வரும். விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கும். மேற்பரப்பில் பைண்டிங் மாட்டும் ஓட்டை வரிசை இல்லை என்றால் அது உங்களுக்கானது அல்ல. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை வெட்டினது போலவும் இருக்கும் பழைய போர்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். 1985இல் கலிஃபோர்னியாவில் டோனி ஃபின் ஸ்கர்ஃபர் என்று கொண்டுவந்த சறுக்குப் பலகையின் வாரிசு அது; சின்ன சர்ஃப்போர்டு மாதிரி, ஒரு திசையில்தான் ஒழுங்காக ஓடும்.

நேரில் பார்க்கும்போது போர்டின் ஓரம் முழுக்க நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே வாருங்கள். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேரும் இடத்தில் நகம் இறங்கினால் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் மேற்பரப்பில் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று மாறினால் உள்ளே நுரை பிரிந்திருக்கிறது, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. பைண்டிங் ஓட்டைகளைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு திருகையும் கையால் முறுக்கிப் பாருங்கள். அடியில் நீளக் கீறல்கள் இருந்தால் பரவாயில்லை, கேபிள் போர்டு என்றால் அது சகஜம்.

கயிறும் ஹேண்டிலும் வாங்க வேண்டாம், கேபிளில் அவர்களுடையதுதான். பின்னாளில் படகு என்று போனால், நீளாத கயிறு வேண்டும். டியூப் (காற்றடித்த மிதவை) இழுக்கும் கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டு ஆளை வீசிவிடும். வெட்சூட் நம் ஊர் வெயிலுக்குத் தேவையே இல்லை. ராஷ் கார்டும் (உடம்போடு ஒட்டிய நீச்சல் சட்டை) அரைக்கால்சட்டையும் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் போர்டைப் போட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள், சூட்டில் பசை இளகி அடுக்கு பிரிந்துவிடும். கடல் தண்ணீரில் ஓட்டினால் பைண்டிங்கையும் திருகுகளையும் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள்.

மாதக் கடைசி சலுகை பற்றி: வருடக் கடைசியை ஒட்டி அடுத்த வருட மாடல்கள் வரும்போது, கடைகளில் நடப்பு வருட போர்டுகளின் விலை இறங்கும். அதற்குள் பார்க்கில் கேட்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாடகைப் போர்டாக எடுத்து ஓட்டிப் பாருங்கள். எதில் எழுவது சுலபமாக இருந்தது, அதன் பெயரும் நீளமும் என்ன என்று ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். தம்பியின் எடையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் எந்த நீளம் என்று கமெண்டில் சொல்கிறேன்.