டெலோரியன் கார்களில் இன்னும் எத்தனை ஓடுகின்றன?

டெலோரியன் டிஎம்சி-12 கார்களில் இன்றும் எத்தனை வீதியில் ஓடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் நகரை அடுத்த டன்மரியில் இருந்த தொழிற்சாலை 1981, 1982 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 கார்களைச் செய்து முடித்தது. அவற்றுள் சுமார் 6,500 எஞ்சியிருப்பதாக இந்தக் காரின் ஆர்வலர்கள் மதிப்பிடுகின்றனர். ஆனால் எஞ்சியிருப்பது வேறு, ஓடுவது வேறு. அந்த 6,500இல் கொட்டிலில் தூசி படிந்து நிற்பவையும் காட்சிக்கூடங்களில் வைக்கப்பட்டவையும் அடங்கும் என்பதால், ஓடுபவை அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நம் இலங்கையில் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காமல் வளவுக்குள் நிறுத்திவைத்த காரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் காராகவே இருக்கிறது அல்லவா? பிரித்தானியாவில் இந்தக் குழப்பம் குறைவு. ஓட்டாமல் நிறுத்திவைக்கும் வாகனத்தை உரிமையாளர் தனியே அறிவிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1998 முதல் நடைமுறையில் இருப்பதால், எந்த மொடலில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்பதை அரசின் காலாண்டுப் புள்ளிவிவரங்களில் பிரித்தே பார்க்கலாம். டெலோரியன்களில் பெரும்பாலானவையோ அமெரிக்காவில் விற்கப்பட்டவை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் வாகனங்களைத் தனித்தனியே பதிவு செய்வதால், மொத்தம் எத்தனை ஓடுகின்றன என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

நாற்பது ஆண்டு கடந்த ஒரு காருக்கு இத்தனை எஞ்சியிருப்பதே பெரிய விடயம். கறள் பிடிக்காத உருக்குத் தகட்டால் அமைந்த வெளியுடல்தான் இதற்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அதை நான் அரைவாசிதான் ஏற்பேன். கல்லடி, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: மேலே பெயின்ற் பளபளத்துக்கொண்டிருக்கும், ஜாக்கில் தூக்கி அடிப்பாகத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தம் மங்கிப்போய்க் கறள் செதில் செதிலாக உதிரும். டெலோரியனின் அடிச்சட்டமான செசியும் சாதாரண உருக்குத்தான். அதன் மேலுள்ள எபொக்சிப் பூச்சு வெடித்த இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால், பளபளக்கும் வெளித்தகட்டால் அதைக் காப்பாற்ற முடியாது. வாங்க நினைப்பவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

உண்மையில் இக்கார்களைக் காத்தது உதிரிப்பாகங்கள்தான். கம்பனி மூடப்பட்டபின் அங்கே குவிந்து கிடந்த பாகங்கள் வீணாகிவிடவில்லை. காலப்போக்கில் அவை டெக்சாஸிலுள்ள ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், இன்றும் விற்பனையாகின்றன. எஞ்சினும் பேஜோ, ரெனோ, வொல்வோ ஆகிய மூன்றும் கூட்டாகத் தயாரித்த வி6 ஆகையால் அதற்குரிய பாகங்கள் கிடைப்பதும் அரிதல்ல. 1985இல் வந்த ஹொலிவூட் படமொன்றில் கால இயந்திரமாகத் தோன்றியபின் இதை இரும்புக்குப் போட யாருக்குத்தான் மனம் வரும்?