கேபிள் பின்னலுக்குக் காசு கொடுத்து பேட்டர்ன் வாங்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: கயிறு முறுக்கிய மாதிரி தெரியும் கேபிள் பின்னல் பாரம்பரியமாக வருவது, யாருக்கும் சொந்தமில்லை, பிறகு ஒரு கார்டிகன் (முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர்) பேட்டர்னுக்காக, அதாவது எப்படிப் பின்னுவது என்று சொல்லும் குறிப்புக்காக, முகம் தெரியாத டிசைனருக்கு எதற்கு 8 யூரோ?

நீங்கள் ஒரு தொப்பி, ஒரு மஃப்ளர் முடித்திருப்பீர்கள், அடுத்தது கார்டிகன்தான் என்று கை துறுதுறுக்கிறது. நானும் அப்படித்தான் போய் மாட்டினேன்.

கேபிள் யாருக்கும் சொந்தமில்லை, சரி. மூன்று கண்ணியை (ஊசியில் இருக்கும் நூல் வளையம்) துணை ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, அப்புறம் நிறுத்தியதைப் பின்னினால் கயிறு முறுக்கியது மாதிரி வந்துவிடும். யூடியூபில் பத்து நிமிஷம் போதும். காசு அதற்கில்லை. கேபிள் துணியைக் குறுக்கே இழுத்துச் சுருக்கும். என் நூலில் சாதாரணப் பின்னலுக்கு 4 அங்குலத்தில் 18 கண்ணி, கேபிளுக்கு அதே 4 அங்குலத்தில் 24. இந்தக் கணக்கை முதுகுக்கும் இரண்டு முன்பக்கத்துக்கும் கைக்குழிக்கும் கழுத்துக்கும், அதுவும் ஒன்பது உடம்பு அளவுக்கும், கேபிள் பாதியில் வெட்டுப்படாமல் போட்டுத் தருகிறாரே, அதற்குத்தான் 8 யூரோ. நூலுக்கே நான் 100 யூரோவுக்கு மேல் அழுதேன், அதை யாரும் கேட்கவில்லை.

நான் இருப்பது அயர்லாந்தில், கால்வேயில். இரண்டு குளிர்காலத்துக்கு முன் 5 மில்லிமீட்டர் ஊசியில் ஆரம்பித்தேன். முதுகு ஐந்து வாரத்தில் முடிந்தது, ஒரே பெருமை. இடது முன்பக்கத்தில் 'கைக்குழிக்குக் கண்ணிகளை இப்படிக் குறைக்கவும்' என்று ஒரு பத்தி இருந்தது, குறைத்தேன், தோள்பட்டை வரை போனேன், அடுத்த பத்தியைச் சரியாகப் படிக்கவே இல்லை. கழுத்துக்குக் குறைப்பது எங்கே? இல்லவே இல்லை என்று முடிவு கட்டி, ராத்திரி ஒரு மணிக்கு அந்த டிசைனருக்கு 'உங்கள் பேட்டர்ன் தப்பு' என்று மின்னஞ்சல் தட்டிவிட்டேன். காலையில் பதில் வந்திருந்தது. அந்த அடுத்த பத்தி 'அதே சமயத்தில்' என்றுதான் ஆரம்பிக்கிறதாம். கைக்குழியும் கழுத்தும் சேர்ந்தே குறைய வேண்டும். 'பலர் இங்கே தடுமாறுகிறார்கள்' என்று மரியாதையாகச் சொல்லி, என் அளவுக்கு வரிசை வரிசையாக ஒரு அட்டவணையும் போட்டு அனுப்பியிருந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. 46 வரிசையைப் பிரித்தேன். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது, நனைத்துக் காயப்போட்டு மறுபடி ஆரம்பம். யூடியூப் இப்படிப் பதில் எழுதுமா?

இலவச பேட்டர்ன் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நூல் கம்பெனிகள் நூல் விற்பதற்காக நல்ல பேட்டர்ன்களை இலவசமாகவே தருகின்றன. நானும் யோக்கியசிகாமணி இல்லை, கல்லூரியில் முழுப் புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்தவள். ஆனால் தெரிந்த பெண் ஒருத்தி 'பிடிஎஃப்பை குரூப்ல போடுங்கக்கா, ஒரு பேப்பர்தானே' என்றபோது போடவில்லை. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பாரம்பரியம் என்றீர்கள். கேபிள் ஸ்வெட்டருக்குப் பேர்போன ஆரன் தீவுகள் இங்கிருந்து பக்கம்தான். குடும்பத்துக்கு ஒரு பின்னல், கடலில் செத்தவரை அதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று கடைக்குக் கடை கதை சொல்லி விற்பார்கள். 1904-இல் மேடையேறிய, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் நாடகத்தில் கடலில் மூழ்கிய ஒருவனை அவன் காலுறையில் விட்டுப்போன கண்ணிகளை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். காலுறை, ஸ்வெட்டர்கூட இல்லை. அதிலிருந்து ஊதிப் பெரிதான கதை இது.

சொல்லப்போனால் இதெல்லாம் எனக்குப் பள்ளியிலேயே வந்திருக்க வேண்டும். டைம்டேபிளில் வாரம் ஒரு தையல் பீரியட் உண்டு. ஏழாம் வகுப்பு முழுக்க அதைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்டு டெஸ்ட் வைத்தார். ஒரு நாள்கூட ஊசியைத் தொடவிடவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

வாங்குவதாக இருந்தால், அதை ஏற்கெனவே பின்னியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், உங்கள் அளவு இருக்கிறதா பாருங்கள். மாதிரித் துண்டைக் கேபிளிலேயே பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகு அளந்து பாருங்கள். பேட்டர்னைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஊசியை எடுங்கள்.

என் கார்டிகன் ஒருவழியாக மார்ச்சில் முடிந்தது. ஏழு பட்டன். ஊருக்குப் போயிருந்தபோது அம்மாதான் தைத்துக் கொடுத்தார்.