சோடா நீரில் அலுமினியம் ஏன் ஓட்டையாகிறது?

கேள்வி: சாயப்பட்டறையில் சலவைச் சோடா கரைக்க அலுமினிய அண்டா வைத்தோம். சீக்கிரமே ஓட்டை விழுந்துவிட்டது. பழைய இரும்புத் தொட்டி அப்படியே இருக்கிறதே, எப்படி?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பெல்ஜியத்துக்காரர் மார்செல் பூர்பே வகுத்த வரைபடத்தைப் பாருங்கள். கிடையாக பிஎச் (அமில, கார அளவு; 7க்கு மேல் போனால் காரம்), செங்குத்தாக மின்னழுத்தம். உலோகம் எங்கே தாங்கும், எங்கே கரையும் என்று அதில் தெரியும். அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு காப்புப் படலம் சுமார் பிஎச் 4 முதல் 8.5 வரைதான் நிற்கும். சோடா நீரோ 11ஐத் தொடும். படலம் அலுமினேட் என்ற உப்பாகக் கரைந்துவிடும். இரும்புக்கு அந்தக் காரத்தில்தான் படலம் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம், அரிப்பின் வேகத்தை அந்தப் படம் சொல்லாது. சாயத்துக்குப் போடும் உப்பும் சாதாரணப் படத்தில் வராது. பெருந்துறையில் பராமரிப்பு வேலையில் இருந்தபோது பிஎச்சை மட்டும் நம்பி எஸ்.எஸ். 304 (ஒரு வகை துருப்பிடிக்காத எஃகு) குழாய் போட்டேன். உப்பில் இருக்கும் குளோரைடு ஊசி குத்தினாற்போல் துளைத்துவிட்டது. உப்புக் கரைசலுக்குப் பிளாஸ்டிக் தொட்டியே வையுங்கள்.