ஐந்து நாள் போதாதுங்க

பல் கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டு ஐந்து நாள் ஆகியும் ஐஸ் தண்ணி குடிச்சா கீழ்ப்பல்லெல்லாம் சுரீர்னு இழுக்குது, தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க.

ஈறு இறங்கினாலோ பல்லோட மேல்பூச்சான எனாமல் தேய்ஞ்சாலோ உள்ளே இருக்கிற டென்டின்ங்கிற அடுக்கு வெளியே தெரியும். அதுல ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கும். குளிர்ச்சி பட்டதும் அதுக்குள்ள இருக்கிற திரவம் அசையுது, நரம்பு துடிக்குது. பொட்டாசியம் நைட்ரேட் (பெரும்பாலும் 5%) உள்ள பேஸ்ட் அந்த நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கும். தினம் ரெண்டு வேளை போட்டாலே 2 முதல் 4 வாரம் ஆகும். ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின் வகைகள் குழாய் வாயையே அடைக்கும். உங்களுது எதுன்னு டியூபோட பின்பக்கம் பாருங்க.

துலக்கினதும் நுரையைத் துப்பிட்டு விட்டுடுங்க, தண்ணி விட்டுக் கொப்பளிக்காதீங்க. நான் கொப்பளிச்சே ஒரு டியூபை வீணாக்கினேன்! பிரஷ் மிருதுவானதா இருக்கட்டும். அழுத்தித் தேய்ச்சா பேஸ்ட் அடைக்கிறதை நீங்களே திறந்து விடுறீங்க.

ஆனா ஒரே ஒரு பல்லுல மட்டும் வலி, கடிச்சா வலி, சூடு பட்டு ரொம்ப நேரம் விண்விண்னு நின்னா அது சொத்தையாவோ விரிசலாவோ இருக்கலாம். நாலு வாரம் காத்திருக்காம பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.