அழிகிற கரி, அழியாத கரி

வணக்கம் சார்,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன படம் வரைகிற பழக்கத்தை இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். பென்சிலில் ஓரளவு வருகிறது. சார்கோலுக்கு, அதாவது வரைகிற கரிக்கு மாறலாம் என்று ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். சுள்ளி மாதிரி சில குச்சிகள், சதுரமாகச் சில கட்டைகள், மூன்று கறுப்புப் பென்சில், ஒரு வெள்ளைப் பென்சில் இருந்தன. எது எதற்கு என்று எதிலும் எழுதவில்லை. அப்பாவின் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தேன். கன்னத்து நிழலுக்குக் கட்டையை எடுத்துத் தேய்த்தேன். அவ்வளவுதான், எந்த ரப்பருக்கும் மசியவில்லை. தலைமுடிக்குச் சுள்ளிக் கரியால் போட்டது நன்றாக வந்தது, ஆனால் வகுப்புக்கு எடுத்துப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. எங்கள் மாஸ்டர் "பென்சில் மட்டும் போதும், மற்றதைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறார். யூடியூபில் வில்லோ கரிதான் உண்மையான கரி என்கிறார்கள். நான் எதை வைத்துக்கொள்வது? இஸ்திரிக் கரியில் வரையலாமா? ஹேர் ஸ்பிரே அடித்தால் படம் நிற்கும் என்பது சரியா?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

எதையும் தூக்கிப் போட வேண்டாம். மாஸ்டர் சொல்வதிலும் யூடியூப்காரர் சொல்வதிலும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் எது கறுப்பு, எது ஒரிஜினல் என்கிற கணக்கை வைத்துக் கரி வாங்கினால் நீங்கள் பட்ட அவஸ்தைதான் மிஞ்சும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? கரியில் பசை கலந்திருக்கிறதா என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

உங்கள் பெட்டியில் சுள்ளி மாதிரி இருப்பவை பசை இல்லாதவை. வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளையோ திராட்சைக் கொடியையோ காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சுட்டு எடுப்பார்கள். காற்று இல்லாததால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடும். வேறு எதுவும் சேர்ப்பதில்லை. (வில்லோ என்றால் கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்தின் உறவுக்கார மரம்தான்.) 1400-ஐ ஒட்டி எழுதிய சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் இதன் செய்முறையை விவரமாகச் சொல்லியிருக்கிறார். குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் புதுச் சட்டியில் அடுக்கி, மூடியைக் களிமண் பூசி அடைத்து, ரொட்டி சுடுபவர் சாயங்காலம் வேலை முடித்ததும் அவருடைய அடுப்பில் வைத்துவிட்டுக் காலையில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கரியால் வரைந்தது பிடிக்கவில்லையா, இறகால் தட்டிவிடு என்கிறார். ரப்பர் இல்லாத காலத்தில் ஓர் இறகே போதுமாக இருந்தது என்றால், அந்தக் கரி தாளை எவ்வளவு லேசாகப் பிடித்திருக்கும் என்று பாருங்கள்.

அதுதான் அதன் குணம். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்: தாளின் மேடுகளில் மட்டும் தூள் உட்கார்ந்திருக்கும், பள்ளங்களில் வெள்ளை தெரியும். தரையில் போட்ட கோலப்பொடி மாதிரி அது தாளின் மேல் கிடக்கிறது, ஒட்டவில்லை. பழைய பனியன் துணியால் ஒரு தட்டுத் தட்டினால் முக்கால்வாசி போய்விடும். பனிமூட்டம் மாதிரி மிச்சம் நிற்கும் சாம்பல் நிறத்தின் மேல் திருத்தி வரையலாம். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இந்த மிச்சத்தை வைத்தே 1989 முதல் அனிமேஷன் படங்கள் எடுத்தார். ஒரே தாளில் வரைந்து, கேமராவில் ஒரு பிரேம் எடுத்து, கொஞ்சம் அழித்துத் திருத்தி, அடுத்த பிரேம் எடுப்பார். நடந்து போகும் மனிதனுக்குப் பின்னால், அவன் முன்பு நின்ற இடமெல்லாம் கறையாகத் தெரியும். கரியை முழுக்க அழிக்க முடியாது என்பது அவர் படங்களின் அழகாகிவிட்டது.

வில்லோவா, திராட்சைக் கொடியா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொடிக் கரி கொஞ்சம் மெலிந்து, கோணலாக, சாம்பல் நிறம் தூக்கலாக இருக்கும். வில்லோ அதைவிடச் சற்று அடர்த்தி. முகம் வரைய விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவான வில்லோ குச்சி வசதி. ஊசி மாதிரி மெல்லியவை அழுத்தினாலே ஒடியும்.

சதுரக் கட்டை வேறு விஷயம். அது கம்ப்ரெஸ்டு சார்கோல். கரித்தூளோடு கோந்தோ மெழுகோ சேர்த்து அழுத்திச் செய்தது. பசை தூளைத் தாளோடு பிடித்து வைக்கிறது. அழுத்தித் தேய்த்தால் பள்ளங்களையும் நிரப்பிவிடுகிறது. அதனால்தான் அந்தக் கறுப்பு அவ்வளவு ஆழமாக, வெல்வெட் மாதிரி இருக்கிறது. அதனால்தான் கன்னத்திலிருந்து போகவும் மாட்டேன் என்கிறது. உங்கள் ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை வைத்து அழுத்தித் தேய்த்தால் தாளின் நார்தான் கிளம்பும், அப்புறம் அந்த இடத்தில் எதைப் போட்டாலும் திட்டுத் திட்டாக நிற்கும். கட்டையின் மேல் எச்.பி., 2பி, 4பி, 6பி என்று போட்டிருந்தால் எண் கூடக் கூட மிருதுவும் கறுப்பும் கூடும். பசை அதிகமானால் கட்டை இறுகி, நிறம் வெளுக்கும்.

ஆக, வரிசைதான் முக்கியம். முதலில் வில்லோ. தலையின் அளவு, கண்கள் எந்த உயரத்தில் வருகின்றன, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அதிலேயே முடித்துவிடுங்கள். கன்னத்து நிழலுக்குக் குச்சியைப் படுக்கவைத்து லேசாக இழுத்து, துணியால் ஒற்றி எடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அங்கங்கே திட்டாகப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் விழும் இடத்தை, களிமண் மாதிரிப் பிசைகிற ரப்பரால் எடுக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது, கூராகப் பிசைந்து ஒற்றி எடுக்க வேண்டும். ரப்பர் கைவசம் இல்லாவிட்டால் ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டிப் பயன்படுத்துங்கள். ஐரோப்பாவில் ரப்பர் வருவதற்கு முன்னாலிருந்தே ரொட்டியால்தான் அழித்தார்கள், வந்த பிறகும் கரி ஓவியர்கள் அதை விடவில்லை. வெண்ணெய் போட்ட பன் மட்டும் வேண்டாம்.

எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும். அதுவும் முகத்தில் உண்மையிலேயே மிகக் கறுப்பான இடங்களுக்கு மட்டும்: மூக்குத் துவாரம், மேல் இமையின் ஓரம், உதடுகள் சேரும் கோடு, காதுக்குப் பின்னால், சட்டைக் காலரின் உள்பக்கம். ஒரு முகத்தில் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். கன்னம் அதில் ஒருபோதும் சேராது, எவ்வளவு கறுத்த மனிதராக இருந்தாலும்.

கரி ஒன்றே என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் கெத்தே கோல்விட்ஸ் 1933-ல் வரைந்த சுய உருவப் படத்தைத் தேடிப் பாருங்கள். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாகப் பார்க்கலாம். பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் கிழவி. முகமும் கரியைப் பிடித்திருக்கும் விரல்களும் நிதானமாக உருட்டி வரையப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கை மட்டும் கரியைப் படுக்கவைத்து மேலும் கீழுமாக இழுத்த நாலைந்து முரட்டுக் கோடுகள். சட்டை மடிப்பு இல்லை, முழங்கை இல்லை. ஆனால் அந்தக் கை அசைகிறது. நாஜிகள் அவரைப் பிரஷ்ய கலைக் கழகத்திலிருந்து வெளியேற வைத்த அதே வருஷம் வரைந்தது. பென்சில் முனையால் இந்தக் கையை வரையவே முடியாது. மாஸ்டரோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

சார்கோல் பென்சில் என்பது கம்ப்ரெஸ்டு கரியை மரத்துக்குள் வைத்ததுதான். கை அழுக்காகாது, கோடு மெல்லியதாக வரும், வகுப்பில் மேஜை நாசமாகாது. மாஸ்டர்களுக்குப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. இமை மயிர், முடியின் தனி இழைகள், கண்மணி ஓரம் இதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். கேம்லினில் சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று கிடைக்கும், அதுவே போதும். ஷார்ப்பனரில் போட்டுத் திருகினால் உள்ளே உடைந்துகொண்டே போகும். பிளேடால் மரத்தைச் சீவிவிட்டு முனையை உப்புத்தாளில் தீட்டுங்கள். உதிர்கிற தூளைக் கொட்டாமல் ஒரு டப்பியில் சேர்த்து வையுங்கள், பின்னணிக்குப் பஞ்சில் தொட்டுப் பூசலாம்.

சாதாரண பென்சிலில் ஸ்கெட்ச் போட்டுவிட்டு அதன் மேல் கரி தீட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிராஃபைட் வழுவழுப்பானது, அதன் மேல் கரி ஏறாது. படத்தைச் சாய்த்தால் அந்தக் கோடு மட்டும் பளபளக்கும்.

வெள்ளைப் பென்சிலைச் சார்கோல் என்று விற்கிறார்களே தவிர அதில் கரியே கிடையாது. வெள்ளை நிறமியும் பசையும்தான். வெள்ளைத் தாளில் அதற்கு வேலை இல்லை. பழுப்புத் தாளில், நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் ஒரு தொடுதல். கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் தாளின் நிறத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் கலந்தால் சிமெண்ட் நிறத்தில் ஒரு நீலம் பாரிக்கும், முகத்தின் தோல் நோயாளியின் தோல் மாதிரி ஆகிவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எந்தத் தாளில் வரைந்தீர்கள்? தலைமுடி பாதி உதிர்ந்தது என்று படித்ததுமே ஏ4 ஜெராக்ஸ் தாளோ என்று சந்தேகம் வந்தது. அதில் கரி தங்குவதற்குச் சொரசொரப்பே இல்லை. கையால் தடவினால் லேசாக உரசுகிற கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள், அல்லது பேஸ்டல் தாள். கான்சன் மி-தேந்த் மாதிரித் தாளில் ஒரு பக்கம் தேன்கூடு போல் அச்சுத் தெரியும், மறுபக்கம் மெல்லிய சொரசொரப்பு. முகத்துக்கு அந்த மறுபக்கம்தான். வெறும் பயிற்சிக்கு என்றால் கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளே அருமையாக இருக்கும். நல்ல கரியில் செலவழிக்கும் காசில் பாதியைத் தாளுக்குத் திருப்பிவிடுங்கள் என்பேன்.

இஸ்திரிக் கரி வேண்டாம். கட்டியாக, ஒரு பக்கம் மிருதுவாக, ஒரு பக்கம் கல்லாக இருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு துணுக்குத் தாளைக் கீறிவிடும். நீங்களே செய்துபார்க்க ஆசை இருந்தால் புளியங்குச்சி எடுங்கள். காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் துணியில் முதல் உருவத்தைப் போடுவது சுட்ட புளியங்குச்சியால்தான். வில்லோ கிடைக்கவில்லை என்று அவர்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. பட்டை உரித்துக் காயவைத்த குச்சிகளைப் பால் பவுடர் டின்னில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டு, விறகு நெருப்புக்குள் வையுங்கள். துளையிலிருந்து புகை வரும். புகை நின்றதும் டின்னை வெளியே இழுத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி கனன்று சாம்பலாகிவிடும். உடைத்தால் உள்ளே பழுப்பு தெரிகிறதா, இன்னும் வேகவில்லை.

ஹேர் ஸ்பிரே முடிக்காகச் செய்தது. நாளாவட்டத்தில் தாள் மஞ்சளாகும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். ஓவியக் கடைகளில் ஃபிக்ஸேட்டிவ் என்றே டின்னில் கிடைக்கிறது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெல்லிய படலமாக அடித்து, காயவிட்டு மறுபடி அடியுங்கள். ஒரே தடவையில் நனைய அடித்தால் தூள் ஓடிவிடும். கொஞ்சம் கறுக்கும், வெள்ளைப் பென்சில் மங்கும். அதனால் வெள்ளையைக் கடைசியில், ஸ்பிரேக்குப் பிறகு போடுவது நல்லது. அடிப்பதற்கு முன் தாளைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்பக்கம் தட்டி, நிற்காத தூளை உதிர்த்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் புள்ளியாக நிற்கும்.

உதிர்கிற கரி நிலைக்காது என்ற பயம் வேண்டாம். 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்துக்காக இத்தாலிய ஓவியர் ரஃபேல் கரியில் வரைந்த முழு அளவு மாதிரி மிலானில் அம்ப்ரோசியானா கலைக்கூடத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம், ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் அப்பா படத்தை இப்போதைக்குச் சுருட்டாமல், மேலே பட்டர் பேப்பர் போட்டு, அட்டைக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். பிரேம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அக்ரிலிக் ஷீட் போடலாம், உடையாது என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் கரித்தூளைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும்.